எனக்காக நீ சொன்ன பதில்கள்

மகன், நான் சுகம். நீயும் சுகம் என்று தெரியும். நேற்றுக் காலையும் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் அனுப்பியிருந்தாய். வடிவாகத்தான் இருக்கிறது, தோளில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். ஆகவே சுகம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொண்டு நேரே கோபத்துக்கு வருகிறேன்.

அந்தப் படத்தோடு இன்னொன்றும் அனுப்பினாய், கலியாண நாள் நிகழ்ச்சி நிரல். பூசை, சாப்பாடு, மணமகள் நோராவின் அப்பா டெனிஸ் பேசுவார், அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா பேசுவார் என்று போட்டிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. என் பிள்ளை என்னை மறக்கவில்லை என்று அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் தட்டினேன். அங்கே என் பேச்சு முழுதாக இருக்கிறது! இங்கிலீசில் ஒரு பக்கம். நீயே எழுதியது, நீயே வாசிக்கப்போவது. கீழே எனக்கென்று தமிழில் இரண்டு வரி: "அம்மா, நீங்க ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பக்கத்தில நிண்டு சிரிச்சாக் காணும்."

காணுமாம்! யாருக்குக் காணும்? அந்தப் பேச்சில் நான் எப்படித் தொடங்குகிறேன் என்று நீயே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். 'நான் ஒரு எளிய பெண்' என்று தொடங்குகிறேன். கடற்கரைக் கிராமத்தில் பிறந்தேனாம். எனக்குப் பேசத் தெரியாதாம், அதனால் மகன் பேசுகிறானாம். உன் அப்பா மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் புன்னகைக்கிறாராம். அடேய், உன் அப்பா எப்போது புன்னகைத்தார்? சிரித்தால் வீடு அதிரச் சிரிப்பார், இல்லையென்றால் உம்மென்று இருப்பார். இத்தாலிக்கு வந்து, பலெர்மோவில் இருபத்தாறு வருடமாக நாலு எசமானிச் சினியோராக்களின் வீட்டுத் திறப்புகளை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியவளை எளிய பெண் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் கோயில் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு தடவை அடிக்கும் மலரிலும் போடக் கொடுக்கப்போகிறேன். பங்குச் சுவாமியிடம் கேட்டும்விட்டேன், "தாராளமாப் போடுங்கோ" என்றார். இந்த நகரத்தில் இங்கே சீசாப் பக்கத்திலும் அங்கே பிரான்காச்சோப் பக்கத்திலும் பிள்ளையின் வாயால் பேசிப் பேசியே தலை நரைத்த அம்மாமார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களும் வாசிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். மார்ச் பதினேழாம் திகதி எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த நாளை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை, ஒரு கரண்டியைக்கூட மறக்கவில்லை. அயர்லாந்தின் கோர்க்கிலிருந்து நோராவையும் அவளைப் பெற்ற டெனிஸையும் மோரீனையும் முதல்தடவையாக என் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். பதினேழாம் திகதி அவர்களுக்குப் பத்திரிசியாரின் பெருநாள். அதை இந்தமுறை சம்பந்தி வீட்டில், தங்கள் சாப்பாட்டோடும் பாட்டோடும் கொண்டாட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. எனக்கென்ன, சந்தோஷம்தான். பத்திரிசியார் நமக்கு அந்நியரா? என் சின்னையாவுக்கு அந்தப் பெயர்தானே.

பெருநாள் என்றால் மன்னாரில் பிறந்தவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். கொடியேற்ற வேண்டும், ஒன்பது நாள் நவநாள் சொல்ல வேண்டும், பெருநாள் அன்று முழுகிப் புதுச்சேலை கட்டிப் பூசைக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. மூன்றாம் மாடிக் குடியிருப்பில் கொடியேற்ற வழியில்லை. நவநாளை விடவில்லை. பத்திரிசியாருக்குத் தனிச் செபம் எனக்குத் தெரியாது என்பதால் அந்தோனியாரின் நவநாளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, ஒன்பது நாளும் வேலையால் வந்து, உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று சொன்னேன். இரண்டு மூன்று இடத்தில் வாய் தவறி அந்தோனியார் என்றே வந்துவிட்டது. அவர்கள் இருவரும் மேலே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். தவக்காலத்தில் நான் நிறச்சேலை கட்டுவதில்லை, உனக்குத் தெரியும். நோரா பச்சைதான் அவர்களின் நிறம் என்று சொன்னதற்காகக் கட்டினேன். உன்னிடம் கேட்டேன்: "எத்தினை மணிப் பூசைக்குப் போவம், மகன்?"

நீ போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவையள் பூசைக்கு எல்லாம் போறேல்லை அம்மா. சமைச்சுச் சாப்பிட்டு, பாட்டுப் பாடுறதுதான் அவையின்ர பெருநாள். நீங்க இருங்கோ."

சரி என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனேன். நாடு வேறு, முறை வேறாக்கும் என்று நினைத்தேன். நீ சொன்னால் நம்புவது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

மோரீன் பெட்டி நிறையச் சாமான் கொண்டு வந்திருந்தாள். உப்புப் போட்ட பன்றி இறைச்சி ஒரு பெரிய துண்டு, பாண் சுடுவதற்குத் தவிட்டு மா, தேயிலை. முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் நீயும் நானும் முதல்நாள் பல்லரோச் சந்தையில் வாங்கி வைத்தோம். அவள் என் அடுப்பில் தன் சட்டியை ஏற்றியபோது எனக்கு உள்ளே ஒரு மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் குசினியில் வேலை செய்கிறேன், என் குசினியில் இன்னொருத்தி நின்றது அதுதான் முதல்தடவை. இறைச்சியை வெறும் தண்ணீரில் போட்டு அவித்தாள். மிளகு இல்லை, உள்ளி இல்லை, ஒரு கறிவேப்பிலை காட்டவில்லை. பிறகு அதே தண்ணீரில் கோவாவை அவித்தாள். நான் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவள் என் பக்கம் ஒரு துண்டை நீட்டி, சாப்பிட்டுப் பாருங்கள் என்றாள். தவக்காலம் நாற்பது நாளும் நான் மச்சம் மாமிசம் வாயில் வைப்பதில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. அதைச் சொல்லச் சொல்லி உன்னைப் பார்த்தேன். நீ இங்கிலீசில் சொன்னாய், எனக்கு வயிறு சரியில்லையாம். நான் ஓ லெவல் வரைக்கும் இங்கிலீசு படித்தவள், மகன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிழை விட்டால் மணிக்கட்டில் விழும். பேச வாய் வராதே தவிர, வயிற்றுக்கு இங்கிலீசில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாதா? மோரீன் பாவம், உடனே பதறிப்போய் எனக்கு வெறும் பாண் துண்டை வாட்டித் தந்து, தேத்தண்ணி ஊற்றித் தந்து, வருத்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என் விரதத்தை நீ வயிற்றோட்டம் ஆக்கிவிட்டாய்.

பிறகு நல்லகாலமாக நீ நோராவுக்குப் பழைய நகரத்தைக் காட்டப் போய்விட்டாய். டெனிஸ் பால்கனியில் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். குசினியில் நானும் மோரீனும்தான். அவள் தன் பாணுக்கு மோர் தேடினாள், இந்த ஊர்க் கடையில் அந்த மோர் கிடைக்கவில்லையாம். நான் என் தயிர்ச் சட்டியைத் திறந்து, இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கடைந்து நீட்டினேன். மணந்து பார்த்தாள், விரலால் தொட்டு ருசித்தாள், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்! மாவைப் பிசைந்து வட்டமாக்கி, சுடுவதற்கு முன் கத்தியால் அதன் மேல் சிலுவை கீறினாள். நான் என்னையறியாமல் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். மாக்கையோடே தானும் போட்டாள், நெற்றியெல்லாம் மா.

அப்போதுதான் என் வாய் திறந்தது. என் இங்கிலீசை நீ கேட்டிருக்கமாட்டாய், நானே கேட்டு முப்பது வருடம். தவக்காலம், நாற்பது நாள், இறைச்சி இல்லை, வயிறு நல்லாய் இருக்கிறது. இவ்வளவும் நாலு துண்டாகச் சொன்னேன். மோரீன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் தாயும் தவக்காலம் முழுக்கப் பாலில்லாத தேத்தண்ணியும் வெறும் பாணும்தான் என்றாள். பத்திரிசியாரின் நாளுக்கு மட்டும் அவர்களுக்கு விடுதலையாம், அன்று இறைச்சி சாப்பிடலாமாம். எனக்கு விடுதலை தர இங்கே யாரும் இல்லை என்றேன். அதற்கும் சிரித்தாள். பிறகு அவள் சொன்னது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவளும் டெனிஸும் அன்று காலை பூசைக்குப் போகத்தான் இருந்தார்களாம். உன்னிடம் கேட்டார்களாம். அம்மாவுக்குச் சமையல் வேலை இருக்கிறது, அவ வரமாட்டா என்று நீ சொன்னாயாம்.

அடப்பாவி! இந்தப் பக்கம் எனக்கு ஒரு பதில், அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு பதில். பூசைக்குப் போக ஆசைப்பட்ட மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நடுவில் நீ ஒருவன் நின்றதால் போகாமல் இருந்திருக்கிறோம். உன் காலைத் தூக்கம் கலையக் கூடாது என்பதற்காகவா? இல்லை, மூன்று கிழங்கள் பலெர்மோ ரோட்டில் பூசைக்கு நடந்து போவது உனக்கு அழகில்லை என்பதற்காகவா?

மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெங்காயத்தாள் அரிந்து போட்டு, பால் விட்டு, கோப்பையில் மலைபோலக் குவித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் வைத்துத் தந்தாள். ஓரத்திலிருந்து அள்ளி வெண்ணெயில் தொட்டுச் சாப்பிட வேண்டுமாம். இரண்டாம்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தயிர்ப் பாணோ சொல்லத் தேவையில்லை. எனக்கு மிளகாய்த்தூள் வேண்டும்போல இருந்தது, டெனிஸின் கண்ணும் மிளகுக் குப்பியைத் தேடியது. மோரீன் எப்படி இருக்கிறது என்று கேட்டு முடிக்குமுன் நீ முந்திக்கொண்டு, அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு என்றாய். நான் வாயில் வைத்ததை இன்னும் விழுங்கவில்லை.

பிறகு வயலின். நம் வித்துவான்கள் மாதிரிப் பாதத்தில் ஊன்றாமல், இங்கே வாசிப்பவர்கள் மாதிரி நாடியில் இடுக்காமல், டெனிஸ் அதை நெஞ்சில் சாய்த்து வைத்து வாசித்தார். ஒரு கால் தன்பாட்டில் நிலத்தைத் தட்டியது. கீழ்வீட்டுச் சினியோரா சத்தத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் மேலே ஏறி வந்தா, கதவடியிலேயே நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் சூசையப்பர் பெருநாளுக்குச் செய்து வைத்திருந்த இனிப்பில் ஒரு தட்டு கொண்டுவந்து நீட்டினா. நோரா என்னைப் பிடித்து இழுத்து ஆட வைத்தாள். முழங்கால் வலி தெரியவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நீகூடப் படம் எடுத்தாய்.

அதற்குப் பிறகு டெனிஸ் வயலினை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தார். வாத்தியம் இல்லை, வெறும் குரல். கடலில் போன தம்பி திரும்பி வராததைத் தாய்க்குப் போய் எப்படிச் சொல்வது என்று ஒரு அண்ணன் பாடுகிற பாட்டு என்று நோரா மெல்லச் சொன்னாள். பெருநாள் வீட்டில் அழுகைப் பாட்டு! நான் உங்கள் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் நெளியவில்லை. மோரீன் புருஷனின் கையைப் பிடித்து, ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, பாடி முடித்தவர்தான் அடுத்தவரை அழைக்க வேண்டும், அழைக்கப்பட்டவர் எழும்ப வேண்டும். டெனிஸ் என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் எழும்பினேன். நீ பார்த்தாய், நான் எழும்பினேன். பதினெட்டு வருடமாகப் பெரிய வெள்ளிக்கிழமையில் நம் ஆட்கள் கூடும் இடத்தில் மாதாவின் புலம்பலை முதற்குரல் எடுத்துப் பாடுகிறவள் நான். யாருக்கும் பயந்து பாடியவள் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, சுருதி பிடிக்க மூச்சை இழுத்தேன். அப்போது நீ சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினாய். அம்மா பாடமாட்டா, அவவுக்குச் சரியான கூச்சம் என்று இங்கிலீசில் எல்லோருக்கும் சொன்னாய். பிறகு என் காதுக்குள் தமிழில்: "இருங்கோ அம்மா. உந்தச் சாவீட்டுப் பாட்டை இப்ப எடுக்காதேங்கோ, ப்ளீஸ்."

நான் இருந்தேன். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு இருந்தேன். முறை நோராவுக்குப் போனது, அவள் பாடினாள், நன்றாகத்தான் பாடினாள், அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெனிஸின் பாட்டில் வருகிற தம்பி கடலில் போனால் அது கலை, என் மாதாவின் மகன் சிலுவையில் போனால் சாவீட்டுப் பாட்டா? அவர்கள் அழுதால் அழகு, உன் அம்மா அழுதால் அவமானமா? அந்தக் கேள்வி எனக்கு மூன்று மாதமாக வயிற்றில் கிடந்து எரிகிறது. இப்போது நிஜமாகவே வயிறு சரியில்லை, போய் மோரீனிடம் சொல்.

சரி, இனி என் பங்குக்கு வருகிறேன். உன்னை மட்டும் கிழித்துத் தொங்கவிட்டால் அது நியாயமில்லை. உன்னை இப்படிப் பழக்கியது யார்? நான்தான். எட்டு வயதில் உன்னைக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனேன். வதிவிடப் பெர்மெசோ புதுப்பிக்க விடியக் காலையிலிருந்து வரிசையில் நின்று, கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் உன்னைத் தூக்கிப் பிடித்தேன். நீ கதைத்தாய். உத்தியோகத்தன் ஏதோ கத்தினான். திரும்பிக் கேள் என்று நான் உன் தொடையில் கிள்ளினேன். நீ அழுதுகொண்டே இத்தாலியனில் மரியாதையாகத் திரும்பிக் கேட்டாய். வெளியே வந்ததும் நான் பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன், என் பிள்ளை பெரிய மனுசன்போலக் கதைக்கிறான் என்று. எட்டு வயதுப் பிள்ளை பெரிய மனுசனாவது பெருமை என்று நினைத்த மடைச்சி நான்.

அதற்குப் பிறகு எனக்கு இத்தாலியன் படிக்க அவசரமே வரவில்லை. சினியோராக்களோடு இஸ்திரிப்பெட்டி, வாளி, சவர்க்காரம், நாளை வருகிறேன் என்ற அளவுக்குப் போதும். மிச்சத்துக்கு நீ இருந்தாய். டொக்டரிடம், வாடகை வீட்டுக்காரனிடம், மின்சாரக் கந்தோரில். பள்ளிக்கூடத்தில் உன் ரீச்சர் பத்து விரலையும் ஆட்டி ஆட்டிச் சொன்னதை, 'நான் நல்லாப் படிக்கிறனாம்' என்று நீ சொல்ல, நான் அவளின் கையைப் பிடித்து நன்றி நன்றி என்றேன். நீ ஒரு கிழமை வகுப்புக்கே போகவில்லை என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தபோது நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. மொழிபெயர்க்கிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நீ அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாய்.

அப்பாவுக்கு ஈரலில் வருத்தம் வந்தபோது உனக்குப் பதினைந்து வயது. அப்பா உள்ளே கட்டிலில். ஆசுப்பத்திரி நடையில் அந்த டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். எனக்கு நேரே சுவரில் மணிக்கூடு இருந்தது. பத்து நிமிடம் பேசினார், மகன். நீ ஒரு வார்த்தைகூட இடையில் பேசாமல் கேட்டாய். என் பக்கம் திரும்பினாய்.

"மருந்தால சரிவருமாம் அம்மா. கொஞ்ச நாள் எடுக்குமாம்."

அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு இந்த ஒரு வரி. டொக்டர் ஏன் என் தோளில் கையை வைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. சரிவரும் என்றால் சரிவரும்தானே, நான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அவர் கட்டிலில் கிடந்த மூன்று மாதமும் போனேன். ஒரு நாள் லீவு கேட்கவில்லை, அவர் எழும்பி வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டுமே என்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் சினியோராவின் திரைச்சீலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றபோது அவர் போய்விட்டார். நீதான் பக்கத்தில் இருந்தாய். அவருடைய காதுக்குள் நான் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. பாட வேண்டியதும் இருந்தது. நம் ஊரில் மனுசர் போகிற நேரம் பக்கத்தில் இருந்து அந்தப் புலம்பலைப் பாடித்தானே அனுப்புவோம். டெனிஸ் கையை நீட்டியபோது நான் எழும்பியது அந்தப் பாட்டுக்குத்தான். பதினைந்து வருடமாகத் தொண்டையில் நிற்கிற பாட்டு. கோயிலில் மாதாவுக்காகப் பாடுகிறேன், அவருக்காக ஒரு நாளும் பாடவில்லை.

நீ பொய் சொன்னாய் என்று அவரை அடக்கம் செய்த கிழமையே தெரிந்துவிட்டது. ஒரு நர்ஸ் தெரியாமல் வாய்விட்டாள். நான் உன்னிடம் கேட்கவில்லை. இரண்டு வருடம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேனே, உனக்குக் காரணம் தெரியாது, கவலையாக்கும் என்று நினைத்திருப்பாய். கவலையும்தான், உன்மேல் கோபமும்தான். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பதினைந்து வயதுப் பொடியன் தாயின் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மீசைகூட முளைக்கவில்லை. இந்த வயதில் ஒருவனை அந்த நடையில் நிறுத்தி, உன் அப்பன் சாகப்போகிறான் என்பதை முதலில் நீ கேள், பிறகு உன் ஆத்தாளுக்கும் நீயே சொல் என்று விட்டவள் நான் என்று அப்போதுதான் உறைத்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்தப் பிழை என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இந்த மலரை வாசிக்கிற எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன்.

ஆனால் அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அன்றைக்கு நீ பிள்ளை, பயத்தில் சொன்னாய். இன்றைக்கு முப்பது வயது, கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. இன்னும் அதே வேலையை ஏன் பார்க்கிறாய்? எனக்கு நோகக் கூடாது என்று எனக்கு மறைக்கிறாய், அவர்களுக்கு அலுக்கக் கூடாது என்று என்னை மறைக்கிறாய். நடுவில் நான் என்று ஒருத்தி இருக்கிறாளா இல்லையா?

அன்று மாலை ஆறு மணிப் பூசைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ களைப்பு என்று படுத்தாய். கோயிலால் திரும்பும்போது மோரீன் என் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள், 'நீ எழும்பினாயே, என்ன பாட்டுப் பாட இருந்தாய்?' என்று. நான் என் ஓ லெவல் இங்கிலீசில் சொன்னேன். டெனிஸ் நடப்பதை நிறுத்திவிட்டார். அவர்கள் ஊரிலும் முன்னர் சாவீட்டில் பெண்கள் அப்படிப் பாடினார்களாம், இப்போது ஆளில்லையாம். மூன்று பேரும் நடுரோட்டில் நின்றோம், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் கத்திவிட்டுப் போனான். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மோரீன் எனக்கு வீடியோவில் கோல் எடுக்கிறாள். உனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் நானும் ஒன்றை உனக்கு மறைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். அந்தோனியார் நவநாளைப் பத்திரிசியாருக்குச் சொன்ன கதையை அவள் தன் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாளாம். அவிந்த கோவாவுக்கு மிளகு போதாது என்றும் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாக டெனிஸும் அதைத்தான் சொல்கிறார் என்றாள்.

ஆகவே, நீ எழுதிய என் பேச்சைத் திருப்பி அனுப்புகிறேன். எளிய பெண்ணுக்கு அது தேவையில்லை. கலியாணத்தன்று டெனிஸ் பேசி முடித்ததும் என் பக்கம் கையை நீட்டுவார், நாங்கள் கதைத்து வைத்துவிட்டோம். நான் எழும்புவேன். ஐந்து வரி இங்கிலீசில் சொல்வேன், பிழை விட்டால் என் பிழை. பிறகு ஒரு பாட்டுப் பாடுவேன். பயப்படாதே, கலியாண வீட்டில் புலம்பல் பாடுகிற அளவுக்கு எனக்கு மூளை பிசகவில்லை. என்ன பாட்டு என்று மோரீனுக்குத் தெரியும், உனக்கு அன்றைக்குத் தெரியும். நீ கையைத் தூக்காதே, சிரித்துச் சமாளிக்காதே, பக்கத்தில் இருக்கிறவருக்கு விளக்கம் சொல்லாதே. இரு. அம்மா பாடும்போது பிள்ளை இருந்து கேட்கிறதுதான் முறை.

அதற்கு முன் எனக்கு நீ ஒரு வேலை செய்து தர வேண்டும். கடைசித் தடவையாக ஒன்றை மொழிபெயர்த்துத் தா. அந்த நடையில், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனுசன் பத்து நிமிடம் பேசினார். நீ எனக்கு ஒரு வரி சொன்னாய். மிச்சத்தைப் பதினைந்து வருடமாக நீ ஒருவனே சுமந்துகொண்டு திரிகிறாய், அது எனக்குத் தெரியும், உன் தோள் இறுக்கத்தைப் படத்தில் பார்த்தாலே தெரிகிறது. இந்த ஞாயிறு மோரீனை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ எடு. முதல் சொல்லிலிருந்து தொடங்கு. ஒன்றையும் விடாதே, ஒன்றையும் மாற்றாதே. நான் அழுதால் அழட்டும் என்று விட்டுவிடு, நிறுத்தாமல் சொல். எல்லாவற்றையும் என்னிடம் இறக்கி வைத்துவிட்டுப் போய் மாலையைப் போடு.

உன் அம்மா